கலிபோர்னியாவில் கவுன்சிலர் லைசென்ஸ்: ஊர்ப் பட்டத்தோடு வந்தவர்களுக்கு

ஃப்ரீமாண்டில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து இதே விஷயத்தை நாலைந்து பேருக்குச் சொல்லியாகிவிட்டது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி. சென்னையிலோ கோவையிலோ எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடித்து, ஒரு பள்ளியிலோ மருத்துவமனையிலோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்காரரின் வேலைக்காக இங்கே வந்தவர்கள். முதல் கேள்வியும் ஒன்றுதான்: "அக்கா, ஏதாவது பரீட்சை எழுதினா லைசென்ஸ் குடுத்துடுவாங்களா?"

பரீட்சை இருக்கிறது. ஆனால் உரிமம் வாங்கித் தரும் பரீட்சை வரிசையில் கடைசியாக வருவது. அதற்கு முன்னால் பட்டம், பதிவு, வேலை, மூவாயிரம் மணி நேரம். நீங்கள் எவ்வளவு நல்ல கவுன்சிலர் என்பதைக் கடைசிவரை யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை, பார்ப்பது காகிதத்தை. கையெழுத்து இல்லாத காகிதம் இங்கே நடக்காத வேலைக்குச் சமம். நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு சின்னப் பின்னணி. கவுன்சிலர்களுக்கு உரிமம் கொடுப்பது அமெரிக்காவில் மத்திய அரசின் வேலை அல்ல, மாநிலங்களின் வேலை. வர்ஜீனியா 1976-இல் முதலில் சட்டம் போட்டது. கலிபோர்னியாதான் ஐம்பதில் கடைசி. 2009 அக்டோபரில் எஸ்.பி. 788 என்ற மசோதாவில் அன்றைய கவர்னர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் (ஆமாம், அந்த நடிகர்தான்) கையெழுத்துப் போட்ட பிறகே இங்கே 'லைசென்ஸ்டு புரொஃபெஷனல் கிளினிக்கல் கவுன்சிலர்', சுருக்கமாக எல்.பி.சி.சி., என்ற உரிமம் பிறந்தது. ஊரில் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்ற சிலருக்குத்தான்; 'கவுன்சிலர்' என்று வாசலில் பலகை மாட்டியவரை நெடுங்காலம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து, தெரிந்தவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு தெரபி பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். உரிமமோ பதிவோ இல்லாமல் செய்வது இங்கே குற்றம்.

முதலில், எந்த உரிமம் என்று முடிவு செய்யுங்கள்

சாக்ரமெண்டோவில் இருக்கும் போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்சஸ், எல்லோரும் பி.பி.எஸ். என்று சொல்வது, எல்.பி.சி.சி.யோடு எல்.எம்.எஃப்.டி. என்ற திருமண, குடும்ப தெரபி உரிமத்தையும், எல்.சி.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி உரிமத்தையும் தருகிறது. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் மூன்றாவதன் பக்கம் போங்கள். அதற்கு வெளிநாட்டுப் பட்டத்தை சி.எஸ்.டபிள்யூ.இ. என்ற சமூகப்பணிக் கல்வி அமைப்பு மதிப்பிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். சைக்காலஜிஸ்ட் உரிமம் வேறு போர்டின் கையில் இருக்கிறது, டாக்டர் பட்டம் வேண்டும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்.எம்.எஃப்.டி.யா, எல்.பி.சி.சி.யா? கலிபோர்னியாவிலேயே கடைசிவரை இருப்பேன் என்றால் முன்னதை இங்கே எல்லோருக்கும் தெரியும், வேலை விளம்பரங்களில் அதிகம் பார்ப்பீர்கள். கணவருக்கோ மனைவிக்கோ நாளை ஆஸ்டினுக்கோ ராலேவுக்கோ மாற்றல் வரலாம் என்றால் பின்னது. மற்ற மாநிலங்களின் கவுன்சிலர் உரிமங்களோடு அது ஒத்துப்போகும். இரண்டுக்கும் பொருந்தும் பட்டப்படிப்புகள் பல கல்லூரிகளில் உண்டு. நான் அப்படி ஒன்றில்தான் சேர்ந்தேன். இனிமேல் சொல்வது எல்.பி.சி.சி. வழி.

பட்டத்தை எடை போடுதல்

கல்லூரியில் சேரும் முன்பே இதைச் செய்யுங்கள். நேசஸ் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஏதாவது ஒன்றிடம் உங்கள் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, பாடம் பாடமாக மதிப்பிட்ட அறிக்கை வாங்க வேண்டும். மொத்தப் பட்டத்துக்கு மட்டும் சமநிலை சொல்லும் அறிக்கை மலிவாகக் கிடைக்கும், அது இதற்கு உதவாது.

சட்டம் கேட்பது 60 செமஸ்டர் யூனிட் கொண்ட முதுகலைப் பட்டம். அதற்குள் 13 அடிப்படைப் பாடப் பகுதிகள் இருக்க வேண்டும்: கொள்கைகள், மனித வளர்ச்சி, தொழில் வழிகாட்டல், குழு கவுன்சலிங், மதிப்பீடு, பன்முகப் பண்பாடு, நோய் கண்டறிதல், ஆராய்ச்சி, சட்டமும் நெறிமுறையும், மனநல மருந்தியல், போதைப் பழக்கம், நெருக்கடி மற்றும் அதிர்ச்சி, உயர்நிலைக் கொள்கைகள். நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் முதல் சில தாராளமாக இருக்கும். தொழில் வழிகாட்டலும் மருந்தியலும் தனிப் பாடமாக இருப்பது அரிது.

இன்னொரு ஓட்டை, நேரடிப் பயிற்சி. படிக்கும்போதே மேற்பார்வையில் 280 மணி நேரம் ஆட்களை நேருக்கு நேர் பார்த்திருக்க வேண்டும். என்னிடம் இருந்த இன்டர்ன்ஷிப் சான்றிதழில் "ஒரு மாத காலம் திறம்படப் பணியாற்றினார்" என்று அழகான தங்க ஓரம் போட்டு எழுதியிருந்தது. எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, அவருடைய பதிவு எண் என்ன, ஒன்றும் இல்லை. தங்க ஓரத்தை யாரும் கேட்கவில்லை.

சில குறைகளைப் பிறகு தனிப் பாடங்களாகப் படித்து நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. குறை அதிகமானால் பட்டமே செல்லாது. எனக்கு அதிகம்தான், இங்கே மறுபடி மாஸ்டர்ஸ் படித்தேன். அழுகையாகத்தான் வந்தது. ஆனால் கலிபோர்னியாவின் சட்டத்தைச் சின்ன வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தது பின்னால் உதவியது.

ஊருக்குப் போகும்போது ஒரு வேலை. பல்கலைக்கழகத்தில் சீல் வைத்த உறையில் டிரான்ஸ்கிரிப்ட், அதோடு நீங்கள் படித்த வருடத்தின் சிலபஸ் பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையோடு. இப்போதைய சிலபஸ் அல்ல, உங்கள் வருடத்துடையது. இரண்டிரண்டு பிரதி வாங்குங்கள். உறையை நீங்களே பிரித்துப் பார்த்துவிடாதீர்கள்.

பதிவு எண்

பட்டம் கிடைத்ததும் பி.பி.எஸ்.ஸில் 'அசோசியேட்' ஆகப் பதிய வேண்டும், ஏ.பி.சி.சி. என்பது அது. விண்ணப்பத்தோடு கைரேகை. கலிபோர்னியாவுக்குள் இருந்தால் லைவ் ஸ்கேன் கடைக்குப் போனால் போதும், மின்னணு முறையில் நேரே போய்விடும். அந்தக் கடையில் தரும் படிவத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

தொண்ணூறு நாள் விதி என்று ஒன்று உண்டு. பட்டம் வழங்கப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் போர்டு உங்கள் விண்ணப்பத்தைப் பெற்றுவிட்டால், பதிவு எண் வருவதற்கு முன் செய்த வேலையும் கணக்கில் சேரும். ஆனால் வேலைக்குச் சேரும் முன்பே அந்த வேலையிடம் உங்களிடம் லைவ் ஸ்கேன் கேட்டு, அதை நீங்கள் முடித்திருக்க வேண்டும். 91-வது நாள் விண்ணப்பித்தால் எண் வரும்வரை செய்தது எல்லாம் தான தர்மம். பட்டமளிப்பு விழா நாளை நம்பாதீர்கள், டிரான்ஸ்கிரிப்டில் அச்சான தேதிதான் கணக்கு.

விசா பற்றிப் பலருக்கும் குழப்பம். விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும், அது இல்லாதவர்கள் வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என். எண்ணைக் கொடுக்கலாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது என்று கலிபோர்னியா 2014-இல் சட்டம் போட்டது. ஆகவே எச்4 என்ற துணைவர் விசாவில் இருப்பவரும் பதியலாம். பதிவது வேறு, வேலை செய்வது வேறு. மணி நேரம் சேர்க்க வேலை வேண்டும், வேலைக்கு எச்4 இ.ஏ.டி. மாதிரி மத்திய அரசின் அனுமதி வேண்டும். "சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகச் செய்கிறேனே" என்று சிலர் இறங்குகிறார்கள். பி.பி.எஸ். அதை ஏற்கும், குடியேற்றத் துறை அதை எப்படிப் பார்க்கும் என்பது தனிக் கதை. முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

மேற்பார்வையாளர்

வேலை தேடும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது, "சூப்பர்விஷன் யார் கொடுப்பார்கள்?" அவர் கடந்த ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு வருடமாவது உரிமம் வைத்திருக்க வேண்டும். எல்.பி.சி.சி.யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, எல்.எம்.எஃப்.டி., எல்.சி.எஸ்.டபிள்யூ., சைக்காலஜிஸ்ட், மனநல மருத்துவர் யாராகவும் இருக்கலாம். நேர்முகத்துக்குப் போவதற்கு முந்திய இரவே அவர் பெயரைக் கலிபோர்னியா நுகர்வோர் துறையின் லைசென்ஸ் தேடல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா, எல்லாம் தெரியும். கூச்சப்பட வேண்டாம், அவர்களும் உங்கள் பெயரைப் போட்டுப் பார்ப்பார்கள்.

மேற்பார்வை தொடங்கிய 60 நாளுக்குள் இருவரும் சூப்பர்விஷன் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியராக, டபிள்யூ-2 முறையில், இல்லையென்றால் தன்னார்வலராக இருக்க வேண்டும். 1099 என்று சொல்லி ஒப்பந்தக்காரராக எடுத்துக்கொள்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அந்த மணி நேரம் செல்லாது. ஆட்களிடமிருந்து நேராகப் பணம் வாங்குவதும் கூடாது.

அப்புறம், முதல் சந்திப்புக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: எனக்கு இன்னும் உரிமம் இல்லை, இன்னார் மேற்பார்வையில் வேலை செய்கிறேன். இதைச் சொல்லவே நம்மவர்களுக்கு நாக்கு எழாது. ஊரில் 'மேடம்' என்று கூப்பிடப்பட்டு வந்திருப்போம். நான் முதல் வாரம் அதை வேகமாக முணுமுணுத்தேன். எதிரே இருந்த பெரியவர், "என்ன சொன்னீர்கள்? திரும்பச் சொல்லுங்கள்" என்றார். திரும்பச் சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தன் தூக்கமின்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

மூவாயிரம்

மொத்தம் 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரங்களுக்கு மேல் பரவியிருக்க வேண்டும். ஒரு வாரத்தில் 40-க்கு மேல் கணக்கில் வராது. அதில் 1,750 மணி நேரமாவது ஆட்களோடு நேரடி கவுன்சலிங்காக இருக்க வேண்டும். குறிப்பெழுதுவது, கூட்டம், பயிற்சி, மேற்பார்வை எல்லாம் மிச்சம் 1,250-க்குள்.

இந்த 1,750-இல்தான் எல்லோரும் மாட்டுகிறோம். வாரம் 15 பேரைப் பார்த்தால் 117 வாரம், இரண்டேகால் வருடம். வாரம் பத்துப் பேர்தான் என்றால் 175 வாரம், மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வராமல் போகிறவர்கள், பள்ளி விடுமுறை, உங்கள் ஊர்ப் பயணம் இதில் சேரவில்லை. "முழுநேர வேலை" என்று சொல்லும் இடத்தில் வாரத்துக்கு எத்தனை நேரடி மணி நேரம் கிடைக்கும் என்று எண்ணாகக் கேளுங்கள். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு ஆறு வருடத்துக்கு முந்திய மணி நேரம் செல்லாது. ஆகவே குழந்தை பிறப்பு, ஊரில் அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இடைவெளி விடும்போது இந்தக் கடிகாரமும் நினைவில் இருக்கட்டும்.

வாரக் கணக்கு இப்படி: ஒவ்வொரு வேலையிடத்திலும் ஒவ்வொரு வாரமும் ஒரு யூனிட் மேற்பார்வை வேண்டும். தனியாக என்றால் ஒரு மணி நேரம், குழுவாக என்றால் இரண்டு மணி நேரம், குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. அந்த வாரம் நேரடி கவுன்சலிங் பத்து மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு யூனிட்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் வாரம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் பன்னிரண்டு பேரைப் பார்த்தேன். பண்டிகைக்கு முன் எல்லோருக்கும் வீட்டுக் கவலை, நெருக்கிக்கொண்டு வந்தார்கள். என் மேற்பார்வையாளர் வியாழன் சந்திப்பை ரத்து செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார், நானும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் மேற்பார்வை பூஜ்யம். பன்னிரண்டு மணி நேரமும் பூஜ்யம். வேலை நடந்தது, ஆட்கள் குணமானார்கள், கணக்கில் மட்டும் வரவில்லை.

அதைவிட மோசம் பின்னால் வந்தது. அவர் வேலையை விட்டு வேறு மாநிலம் போனபோது என் வாரப் பதிவேட்டில் ஏழு வாரங்களுக்குக் கையெழுத்து இல்லை. மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். கடைசியில் போட்டுக்கொடுத்தார், ஆனால் அந்த இரண்டு மாதம் நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு என் வழக்கம் இது: வெள்ளிக்கிழமை மேற்பார்வை முடிந்ததும் நாற்காலியை விட்டு எழும் முன் தாளை நீட்டிவிடுவேன். ஒருவர் வேலையை விடுகிறார் என்று தெரிந்தால் அன்றைக்கே அனுபவச் சான்றுப் படிவத்தையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடுவேன், இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தாலும். கையில் மூலம், போனில் படம், வீட்டில் ஒரு நகல்.

சட்டமும் நெறிமுறையும்

அசோசியேட் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். முதல் பரீட்சையான சட்டம், நெறிமுறைத் தேர்வைத் தேறும்வரை ஒவ்வொரு வருடமும் எழுதியாக வேண்டும். 75 கேள்வி, 90 நிமிடம். இதை முதல் வருடத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள். வேலைக்கும் இது தேவைப்படும் பாடம்.

இதில் நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, குழந்தை மீதான வன்முறை. நியாயமான சந்தேகம் வந்தாலே உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும், 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்பது போதாது, கடமை உங்களுடையது. ஒரு அம்மா பேச்சுவாக்கில் "கோபத்தில் ரெண்டு போட்டேன்" என்கிறார். இங்கே வயதுக்கேற்ற அளவில், காயமில்லாமல், பின்புறத்தில் தட்டுவது மட்டும் தன்னளவில் வன்முறை ஆகாது. பெல்ட், கரண்டி, தழும்பு என்றால் கதை வேறு. "நம்ம ஊரில் எல்லாரும் வாங்கின அடிதானே" என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லும். தேர்விலும் சரி, அறையிலும் சரி, அந்தக் குரலுக்கு மதிப்பெண் கிடையாது.

இரண்டாவது, டாராசாஃப். 1969-இல் பெர்க்லியில் டாட்டியானா டாராசாஃப் என்ற பெண்ணை, இந்தியாவிலிருந்து அங்கே படிக்க வந்த மாணவர் ஒருவர் கொன்றார். கொல்லப்போவதாகத் தன் தெரபிஸ்டிடம் முன்பே சொல்லியிருந்தார். தெரபிஸ்ட் வளாகப் போலீசுக்குச் சொன்னார், அவர்கள் பிடித்துப் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்கும் கடமை தெரபிஸ்டுக்கு உண்டு என்றது. ரகசியம் காப்பது எங்கே முடிகிறது என்று கேட்கும் எந்தக் கேள்வியும் இந்த வழக்கில்தான் வந்து நிற்கும்.

ஒருவருக்குக் கவுன்சிலராகவும் வெளியே தெரிந்தவராகவும் இருக்கும் இரட்டை உறவு பற்றிய கேள்விகளைப் புத்தகத்தில் படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். லிவர்மோர் கோயில் பிரகாரத்தில், நேற்று உங்கள் அறையில் அழுதவர் இன்று உங்கள் மாமியாரிடம் புளியோதரை வாங்கிக்கொண்டிருப்பார். அவராக வந்து பேசாமல் நீங்கள் வணக்கம்கூடச் சொல்லக் கூடாது. இதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் பேசி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் "கவனிக்காத மாதிரி போனாங்க" என்று மனத்தாங்கலாகிவிடும்.

கடைசித் தேர்வும் உரிமமும்

மூவாயிரம் முடிந்ததும் உரிமத்துக்கு விண்ணப்பம். தற்கொலை அபாய மதிப்பீட்டில் ஆறு மணி நேரம், தொலைவழி சிகிச்சையில் மூன்று மணி நேரம் பயிற்சி பெற்றதற்கான சான்று கேட்பார்கள். உங்கள் பட்டப்படிப்பிலேயே அடங்கியிருந்தால் கல்லூரியிடம் கடிதம் வாங்கலாம். போர்டு ஒப்புக்கொண்டதும் என்.சி.எம்.எச்.சி.இ. என்ற தேசியத் தேர்வு. 11 கேஸ்கள், 225 நிமிடம். ஒருவர் வருகிறார், இப்படிச் சொல்கிறார், அடுத்து என்ன செய்வீர்கள் என்ற ரகம். ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே அறிவுரை சொல்லும் விடையில் கை போகும். அது பெரும்பாலும் தப்பான விடை.

தேறிய பிறகு உரிமக் கட்டணம் கட்டினால் எண் வரும். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், 36 மணி நேரத் தொடர்கல்வியோடு, அதில் ஆறு சட்டமும் நெறிமுறையும். 2024 ஜனவரியிலிருந்து மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீடும் கவுன்சிலர்களுக்குப் பணம் தருவதால், குழந்தைகளோடு வந்து தங்கிவிட்ட வயதானவர்களையும் பார்க்கலாம். உரிமம் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது அல்ல, எதிரில் திரையில் இருப்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. டாலஸிலிருந்து அழைக்கும் சித்தி மகளுக்கு நீங்கள் அக்காவாகப் பேசலாம், கவுன்சிலராகப் பேச முடியாது.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று. தமிழில் பேசும் கவுன்சிலர் என்று தெரிந்ததும் உங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி கணவன் மனைவி பிரச்சினையாக இருக்கும். எல்.பி.சி.சி. உரிமம் மட்டும் இருந்தால் தம்பதிகளையும் குடும்பங்களையும் பார்க்க முடியாது. அதற்குத் தனியாக ஆறு செமஸ்டர் யூனிட் படிப்பும், தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு மேற்பார்வையில் 500 மணி நேரமும் வேண்டும், பிறகு போர்டின் ஒப்புதலும். இந்த 500-ஐ அந்த 3,000-க்குள்ளேயே சேர்த்துவிடலாம். அதனால் முதல் வேலையில் சேரும் அன்றைக்கே வாரப் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு பத்தி போட்டு, அந்த மணி நேரங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துக் கையெழுத்து.